மாட்டுத் தீவனத்துக்கு நோபல் பரிசு!



நோபல் பரிசு என்றதும் நமக்கு யார் யார் நினைவுக்கு வருகிறார்கள்? சர் சி.வி. ராமன், ஐன்ஸ்டீன், மேரி கியூரி... மிஞ்சிப்போனால் இன்னும் நாலு பேர். மாட்டுத் தீவனத்தைப் பதப்படுத்த வழி கண்டுபிடித்து ஒருவர் வேதியியலுக்கான நோபல் பரிசு வாங்கினார் என்று நான் சொன்னபோது, என் வகுப்பு நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். கதை விடாதடா என்றார்கள். கதையல்ல, நிஜம்! அந்த மனிதரின் வாழ்க்கையைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

அவர் பெயர் ஆர்த்துரி இல்மாரி விர்த்தனென். ஃபின்லாந்து நாட்டுக்காரர். அறிவியலுக்காக நோபல் பெற்ற முதல் ஃபின்லாந்துக்காரரும் அவர்தான். மாடு கட்டிப் பிழைக்கும் வீட்டிலிருந்து வந்த எனக்கு, எந்த சினிமா ஹீரோவை விடவும் இந்த ஹீரோவைப் பிடிக்கும். ஏன் என்பது போகப்போக உங்களுக்கே புரியும்.

பனி தேசத்தில் பிறந்தவர்

விர்த்தனென் பிறந்தது 1895 ஜனவரி 15. ஊர் ஹெல்சிங்கி. பள்ளிப் படிப்பு விபூரி நகரத்தில் (இன்று அது ரஷ்யாவில் இருக்கிறது). அப்போது ஃபின்லாந்து சுதந்திர நாடே இல்லை. ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குள் இருந்தது. 1917-ல்தான் விடுதலை கிடைத்தது. அந்தக் காலகட்டத்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, 1919-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு சுவிட்சர்லாந்து, ஸ்வீடன் என்று வெளிநாடு போய், உயிர்வேதியியலும் நுண்ணுயிரியலும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்.

இவ்வளவு படித்தவர் எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? பால் கூட்டுறவு சங்கத்தில்! ஃபின்லாந்துப் பால் பண்ணைகளின் கூட்டமைப்பான 'வாலியோ'வின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, 1921-ல் அதன் இயக்குநரும் ஆனார். நம்ம ஊர் ஆவின் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அங்கே வெண்ணெய்தான் முக்கியமான ஏற்றுமதிச் சரக்கு. கப்பலில் போகும் வெண்ணெய் சுவை கெட்டுப்போகக் கூடாதே என்று, அதன் புளிப்பைக் குறைக்க ஓர் உப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். 1931-ல் ஹெல்சிங்கியில் இருந்த தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் பேராசிரியரானார். ஆக, நம்மைப் போன்ற தொழில்நுட்ப மாணவர்களுக்குப் பாடம் எடுத்த வாத்தியாரும்கூட!

புல்லுக்கு ஊறுகாய்!

ஃபின்லாந்தில் குளிர்காலம் நீளம். வருஷத்தில் ஏழெட்டு மாதம் மாடுகள் கொட்டகைக்குள்ளேயே கிடக்கும். கோடையில் விளையும் புல்லை அறுத்துச் சேமித்தால்தான் மாட்டுக்குச் சாப்பாடு. காயவைக்கலாம் என்றால் மழை விடாது. குழியில் போட்டு மூடி வைத்தாலோ, வேண்டாத பாக்டீரியாக்கள் புகுந்து புல்லை அழுக வைத்துவிடும். புரதம் போகும், வைட்டமின் போகும், நாற்றம் வேறு. அந்த நாற்றம் பாலிலும் வெண்ணெயிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

விர்த்தனென் யோசித்தார். பாக்டீரியாவுக்குப் பிடிக்காதது எது? அமிலம்! புளியும் எலுமிச்சையும் ஊறுகாயைக் காப்பாற்றுவது மாதிரி, புல்லையும் அமிலத்தால் காப்பாற்றலாமே? பச்சைப் புல்லை அடுக்கடுக்காகப் போட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்து தெளித்தார். புல்லின் பி.ஹெச். மதிப்பு 4-க்குக் கீழே இறங்கியது. அழுக வைக்கும் கிருமிகளுக்கு வேலை போச்சு. புல்லிலிருந்த புரதமும் கரோட்டினும் பெரும்பாலும் தப்பின. குளிர்காலத்திலும் வெண்ணெய் மஞ்சள் நிறத்தோடு வந்தது!

1928-ல் வந்த இந்த முறைக்கு, அவருடைய பெயரின் முதலெழுத்துகளை வைத்து ஏ.ஐ.வி. முறை என்று பெயர். பின்னாளில் அந்தக் கடும் அமிலங்களுக்குப் பதிலாக ஃபார்மிக் அமிலம் வந்தது. ஆனால் தத்துவம் அதேதான். ஹெல்சிங்கிக்குப் பக்கத்தில் சிபூ என்ற ஊரில் சொந்தமாக ஒரு பண்ணை வாங்கி, அங்கேயும் சோதித்துப் பார்த்தார் மனிதர். ஆய்வுக்கூடத்துக் குடுவையோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

1945-ல் நோபல் பரிசு வீடு தேடி வந்தது. விவசாய, ஊட்டச்சத்து வேதியியல் ஆய்வுகளுக்காக, குறிப்பாக இந்தத் தீவனப் பதப்படுத்தலுக்காக.

ஐம்பது வயதில் அடுத்த கேள்வி

நோபல் வாங்கியபோது அவருக்கு வயது 50. மாலை, மேடை என்று காலத்தை ஓட்டியிருக்கலாம். 1948 முதல் 1963 வரை ஃபின்லாந்து அறிவியல் கழகத்தின் தலைவர் பதவி வேறு இருந்தது. ஆனாலும் ஒரு கேள்வி அவரை விடவில்லை.

மாட்டுக்குப் புரதம் வேண்டும் என்று புண்ணாக்கும் தானியமும் போடுகிறோம். மனிதனும் சாப்பிடக்கூடிய பொருளை மாட்டுக்குக் கொடுத்துத்தான் பால் கறக்க வேண்டுமா? புரதமே இல்லாத தீவனத்தில் ஒரு பசு பால் கொடுக்குமா?

கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். பாலில் புரதம் இருக்கிறது. உள்ளே போகாத சரக்கு வெளியே எப்படி வரும்? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், நாம் மாட்டின் வயிற்றுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாருங்கள் நண்பர்களே!

நூறு லிட்டர் கலன்

மாட்டுக்கு வயிறு நாலு அறை. அதில் முதல் வயிறுதான் பெரியது. வளர்ந்த பசுவுக்கு நூறு லிட்டருக்கும் மேலே கொள்ளும். வெப்பநிலை சுமார் 39 டிகிரி செல்சியஸ். பி.ஹெச். 6-லிருந்து 7-க்குள். உள்ளே ஆக்சிஜன் கிடையாது. கெமிக்கல் பிரிவு நண்பர்கள் இதைக் கேட்டால், நொதிக்கும் கலன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். அதேதான்! இந்தக் கலனுக்குள் ஒரு மில்லி நீரில் ஆயிரம் கோடிக்குக் குறையாமல் பாக்டீரியாக்கள். அது போக புரோட்டோசோவாக்கள், பூஞ்சைகள்.

வைக்கோலில் இருக்கும் செல்லுலோஸை உடைக்க மாட்டுக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது. உடைப்பது இந்த நுண்ணுயிர்கள்தான். உடைத்து அசெட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் என்று மூன்று அமிலங்களை வெளியே விடும். அதுதான் மாட்டுக்கு முக்கியமான சக்தி. அப்புறம் இந்த நுண்ணுயிர்களே அடுத்தடுத்த வயிறுகளுக்குத் தள்ளப்பட்டு செரிக்கப்படும். அவற்றின் உடம்புதான் மாட்டுக்குப் புரதம்! சொல்லப்போனால், நாம் மாட்டுக்குத் தீவனம் போடவில்லை. நுண்ணுயிர்களுக்குப் போடுகிறோம். மாடு அவற்றைச் சாப்பிடுகிறது. அம்புட்டுதான் ரகசியம்.

ஆனால் எல்லா நுண்ணுயிரும் எல்லாத் தீவனத்தையும் சாப்பிடாது. நாரைத் தின்னும் கூட்டம் ஒன்று, மாவுச்சத்தைத் தின்னும் கூட்டம் இன்னொன்று. என்ன போடுகிறோமோ அதைப் பொறுத்து எந்தக் கூட்டம் பெருகும் என்பது மாறும். விர்த்தனெனின் நாட்டிலேயே பாருங்கள். பசு தலையைக் குனிந்து புல் மேயும். காட்டில் இருக்கும் மூஸ் மான் குளிர்காலத்தில் வில்லோ, பைன் மரக் குச்சிகளைக் கடித்துத் தின்னும். வடக்கே இருக்கும் கலைமான், கோடையில் பச்சை தின்றுவிட்டுக் குளிர்காலத்தில் பனியைக் கிளறி, பாறைப்பாசி போலப் படர்ந்திருக்கும் லைக்கனைத் தின்னும். உணவு மாறும்போது அதன் வயிற்றிலிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டமும் சேர்ந்து மாறுகிறது. பட்டினி கிடந்த கலைமானுக்கு இரக்கப்பட்டுத் திடீரென்று வேறு தீவனத்தைக் கொட்டினால், செரிக்காமல் நோயில் விழும்.

நம்ம ஊர்க் கதையும் அதுதானே? செம்மறி குனிந்து புல் மேயும். வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கி மரத்தில் வைத்துத் தழை பறிக்கும். தழையில் புல்லைவிடத் துவர்ப்பு அதிகம். அந்தத் துவர்ப்புச் சத்தான டானின் பல பாக்டீரியாக்களுக்கு ஆகாது. அதைத் தாங்கும் வகைகள்தான் அங்கே நிலைக்கும்.

வீட்டில் கறவை மாடு இருப்பவர்களுக்கு இன்னொரு சாட்சி சொல்கிறேன். சொசைட்டியில் பால் ஊற்றும்போது, கொழுப்பு அளவு குறைந்துவிட்டது என்று காசைக் குறைப்பார்கள். பால்காரர் தண்ணீர் கலந்திருப்பார் என்று பேச்சு கிளம்பும். எப்போதும் அப்படி இல்லை. வைக்கோலைக் குறைத்து அடர்தீவனத்தை அதிகமாகப் போட்டாலும் கொழுப்பு இறங்கும். நார் தின்னும் கூட்டம் குறைந்து, பால் கொழுப்புக்கு மூலப்பொருளான அசெட்டிக் அமிலத்தின் பங்கும் குறைந்துவிடும். அதோடு, வயிற்றுக்குள் உருவாகும் சில கொழுப்புப் பொருட்கள் மடியில் கொழுப்பு தயாராவதையே தடுக்கும்.

சோறு எமனாகும் கதை

இப்போது சொல்லப்போவது கொஞ்சம் வருத்தமான விஷயம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கல்யாணம். மிஞ்சிய சோற்றை வீணாக்கக் கூடாதே என்று நல்ல மனசோடு பக்கத்து வீட்டு அத்தையின் பசுவுக்கு அண்டா நிறைய வைத்தார்கள். அதுவும் ஆசையாகத் தின்றது. மறுநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. வயிறு உப்பி, கண் குழிந்து, பல்லை நறநறவென்று கடித்தது. டாக்டர் வருவதற்குள் போய்விட்டது. அந்தப் பசுவின் பாலில்தான் அத்தை இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். யாரோ மருந்து வைத்துவிட்டார்கள், கண்ணு பட்டுடுச்சு என்று ஆளுக்கொரு பேச்சு.

மருந்தும் இல்லை, கண்ணும் இல்லை. நடந்தது இதுதான். வைக்கோலுக்குப் பழகிய வயிற்றில் திடீரென்று மாவுச்சத்து கொட்டப்பட்டது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். அது அரைமணிக்குள்ளேயே இரட்டிப்பாகக்கூடியது. லாக்டிக் அமிலத்தைக் கொட்டித் தீர்த்தது. பி.ஹெச். 5-க்குக் கீழே போனது. நார் தின்னும் பாக்டீரியாக்களும் புரோட்டோசோவாக்களும் செத்தன. உடம்பிலிருந்த தண்ணீரெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு, ரத்தமும் அமிலமாகி, மாடு சாய்ந்தது.

அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ராபர்ட் ஹங்கேட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1952-லேயே செம்மறி ஆடுகளில் இதை ஆராய்ந்து வெளியிட்டுவிட்டார்கள். ஆக்சிஜன் பட்டாலே சாகும் இந்தப் பாக்டீரியாக்களைக் கண்ணாடிக் குழாய்க்குள் உயிரோடு வளர்க்க வழி கண்டவரும் அந்த ஹங்கேட்தான். அவர் கண்டறிந்தது எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? புல் குழியில் பி.ஹெச். 4-க்குக் கீழே இறங்கினால் தீவனம் பிழைக்கிறது. வயிற்றில் 5-க்குக் கீழே இறங்கினால் மாடு சாகிறது. அதே அமிலம்தான், இடம்தான் வேறு. குழியில் நுண்ணுயிரை அடக்க வேண்டும், வயிற்றில் அதை வாழவைக்க வேண்டும். விர்த்தனென் இரண்டையும் செய்து காட்டினார்.

புரதம் இல்லாமல் பால்!

சரி, அவருடைய கேள்விக்கு வருவோம். நுண்ணுயிர்களுக்குப் புரதம் தேவையில்லை. அமோனியாவிலிருந்து நைட்ரஜனை எடுத்துக்கொண்டு, மாவிலிருந்தும் நாரிலிருந்தும் கரியை எடுத்துக்கொண்டு, தாமே புரதம் கட்டிக்கொள்ளும். அந்த அமோனியாவை யூரியாவிலிருந்து எடுக்கலாம். ஆமாம், நாம் வயலுக்குப் போடுகிறோமே, அதே யூரியாதான்!

1950-களின் கடைசியில், நைட்ரஜன்-15 என்ற அடையாள அணு சேர்த்த அம்மோனியம் உப்பை விர்த்தனென் பசுவுக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்த அடையாளம் பாலிலிருந்த புரதத்தில் வந்து நின்றது! அம்மோனியம் உப்பாக உள்ளே போன நைட்ரஜன், பால் புரதமாக வெளியே வந்திருக்கிறது என்பதற்குக் கைமேல் சாட்சி.

அடுத்து பெரிய சோதனை. சுத்தப்படுத்திய செல்லுலோஸ் (காகிதம் செய்யும் பொருள்!), ஸ்டார்ச், சர்க்கரை, கொஞ்சம் எண்ணெய், தாது உப்பு, வைட்டமின். நைட்ரஜனுக்கு யூரியாவும் அம்மோனியம் உப்பும் மட்டும். புல் இல்லை, புண்ணாக்கு இல்லை. இதுதான் சாப்பாடு.

ஒரே நாளில் மாற்றினாரா? அங்கேதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். எடுத்தவுடன் முழு அளவு யூரியாவைக் கொடுத்தால், ஒரேயடியாக அமோனியா கிளம்பி ரத்தத்தில் ஏறி மாட்டைக் கொன்றுவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, பொறுமையாகப் புதுத் தீவனத்துக்குப் பழக்கினார். வயிற்றுக்குள் இருந்த பழைய கூட்டம் மெல்ல விலகி, அமோனியாவைக் கொண்டே பிழைக்கத் தெரிந்த பாக்டீரியாக்கள் பெருகின. மாடு அதே மாடுதான். உள்ளே வேலை பார்க்கும் ஆட்கள்தான் மாறிவிட்டார்கள்!

முடிவுகளை 1966-ல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 71. புரதமே இல்லாத தீவனத்தில் பசுக்கள் வருஷத்துக்கு 4,000 கிலோ அளவுக்குப் பால் கொடுத்தன. பாலின் சேர்மானமும் சாதாரணப் பாலை ஒட்டியே இருந்தது. உலகம் மூக்கில் விரல் வைத்தது.

இந்தச் சோதனைத் தீவனத்தை அப்படியே பண்ணைக்குக் கொண்டுவர முடியாது. சுத்தப்படுத்திய செல்லுலோஸும் ஸ்டார்ச்சும் போட்டு மாடு வளர்த்தால் விலை கட்டுபடியாகாது. ஆனால் ஒரு உண்மையைச் சந்தேகமில்லாமல் நிரூபித்துவிட்டார். நுண்ணுயிர்களுக்குச் சரியானதைக் கொடுத்து, பழகுவதற்கு நேரமும் கொடுத்தால், மனிதன் தின்ன முடியாத பொருளிலிருந்து மாடு பால் தரும்.

நம்ம வைக்கோல் போருக்கு வந்த அறிவு

யூரியாவின் நைட்ரஜனை வயிற்று நுண்ணுயிர்கள் பயன்படுத்தும் என்ற இந்த அறிவு நம்ம ஊருக்கும் வேறு வடிவத்தில் வந்திருக்கிறது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைக்கும் முறையைக் கால்நடைத் துறையினர் சொல்லித் தருகிறார்கள். கிளம்பும் அமோனியா வைக்கோலை இளக்கி, நுண்ணுயிர்கள் கடிக்க ஏதுவாக்குகிறது. அவற்றுக்கு நைட்ரஜனும் கிடைக்கிறது.

ஆனால் ஜாக்கிரதை! யூரியாவைத் தனியாக மாட்டுக்கு வைப்பதோ, தண்ணீரில் கரைத்துக் காட்டுவதோ விஷம் வைப்பதற்குச் சமம். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு யூரியா சேர்த்த எதுவுமே கூடாது. அதன் முதல் வயிறு இன்னும் முழுதாக வேலைக்கு வரவில்லை. கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும்.

எளிமையாக வாழ்ந்து மறைந்தவர்

இவ்வளவு பெரிய மனிதர், சொந்தமாக ஒரு கார்கூட வைத்துக்கொள்ளவில்லை. புகை, மது இரண்டையும் தொட்டதில்லை. 1920-ல் லில்யா என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். இரண்டு மகன்கள். கீழே விழுந்து தொடை எலும்பு முறிந்து, சில வாரங்களில் நிமோனியா கண்டு, 1973 நவம்பர் 11 அன்று காலமானார். சூரியனைச் சுற்றும் 1449-ம் எண் சிறுகோளுக்கு இன்று அவர் பெயர்தான்.

நண்பர்களே, நம்மில் பலர் டிப்ளமோ முடித்து மெஷினோடு வாழப் போகிறவர்கள். ஒரு மெஷினில் ஆயிலை மாற்ற வேண்டுமானால்கூட மேனுவலைப் பார்க்கிறோம். ஆனால் வீட்டில் கட்டியிருக்கும் மாட்டின் தீவனத்தை ஒரே வேளையில் மாற்றிவிடுகிறோம். அதுவும் ஒரு கலன்தான். அதற்குள் கோடானுகோடி வேலையாட்கள் இருக்கிறார்கள்.

லீவுக்கு ஊருக்குப் போகும்போது மூன்று விஷயத்தை வீட்டில் சொல்லுங்கள். பொங்கலோ, கல்யாணமோ, மிஞ்சிய சோற்றை மாட்டுக்கு அள்ளி வைக்காதீர்கள். புதுத் தீவனம் எதுவானாலும் இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். தப்பித் தவறி மாடு சோற்றையோ தானியத்தையோ நிறையத் தின்றுவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிஷமே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஒரு வீட்டுப் பசு பிழைத்தால் போதும். இந்தப் பக்கங்களை நான் எழுதியதற்குப் பலன் கிடைத்துவிடும்.